2,800 ராண்டுக்கு ஒரு ரேங்க் பட்டியல்

என் மகள் நுண்ணுயிரியலில் ஆனர்ஸ் முடித்தாள். அடுத்து எம்.எஸ்சி. எங்கே என்பதுதான் வீட்டில் மூன்று மாதப் பேச்சு. நான் மாயவரத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். இந்த ஊர்ப் படிப்பு முறை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் உம்லாங்கா பக்கம் இருக்கும் ஓர் உயர்கல்வி ஆலோசனை மையத்துக்குப் போனோம். இரண்டு சந்திப்பு, ஓர் அறிக்கை, 2,800 ராண்ட்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கடிதத்தைப் பிரமாதமாகத் திருத்தினார்கள். "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்ற வரியை அங்கிருந்த ஒரு பெண் ஒரே கோடாக அடித்துவிட்டு, ஆனர்ஸில் மகள் வளர்த்த கிருமிகள் மூன்று தடவை கெட்டுப்போனதையும் அவள் காரணம் கண்டுபிடித்ததையும் முதல் பத்தியாக எழுதச் சொன்னார்.

அறிக்கைதான் சொதப்பல். ஸ்பைரல் போட்ட 14 பக்கம். அட்டையில் கேப்டவுனின் டேபிள் மலை. உள்ளே உலகப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூஎஸ் நிறுவனம் போடும் தரவரிசை. "கேப்டவுன்தான் ஆன்ட்டி, யோசிக்கவே வேண்டாம்" என்றார் அங்கிருந்த தம்பி. 1829-இல் தொடங்கிய கல்லூரி, டாக்டர் பர்னார்ட் 1967-இல் முதல் இதய மாற்று அறுவை செய்த ஊர் என்று அடுக்கினார். எல்லாம் சரி. என் மகள் படிக்க நினைப்பது மருந்துக்கு மசியாத காசநோயை. அதை இரண்டு சந்திப்பிலும் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பட்டியலில் 100க்கு 45 மதிப்பெண் கல்வியாளர்களிடமும் முதலாளிகளிடமும் கருத்துக் கேட்டுப் போடுவது. அதுவும் முழுப் பல்கலைக்கழகத்துக்குமான மதிப்பெண். பாடவாரியாகத் தனிப் பட்டியல் இருக்கிறது. அதைக்கூட அச்சிடவில்லை.

எங்களுக்கு வழி காட்டியது டர்பன் பல்கலைக்கழகக் கேன்டீனில் பன்னி சோவை (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) பிய்த்துக்கொண்டே பேசிய ஒரு பிஎச்.டி. பையன். "இங்கே ஆய்வு எம்.எஸ்சி. என்றால் வகுப்பே கிடையாது, ஆய்வேடு மட்டும்தான். சூப்பர்வைசர் யார், அவர் மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, இதைக் கேளுங்கள்" என்றான். அப்புறம் டுகேலா ஃபெரியைப் பற்றிச் சொன்னான். எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்துக் கிராமப்புற ஊர். அங்கே முக்கிய மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு உலகத்தையே உலுக்கியது. அதன் பிறகு டர்பன் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் காசநோய்க்கும் எச்ஐவிக்கும் பெரிய ஆய்வகங்கள் வந்தன. நோயாளியும் மாதிரியும் இங்கேயே இருக்கும்போது பிள்ளை எதற்கு 1,600 கிலோமீட்டர் போக வேண்டும்?

கேப்டவுனிலும் காசநோய் ஆய்வு பலம்தான். ஆனால் மகள் எழுதிக் கேட்ட பேராசிரியரிடம் அந்த ஆண்டு இடமில்லை. பெயருக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நாளைக்குச் சென்னையில் வேலைக்கு மனுப் போட்டால் கேப்டவுன் என்றால் தெரியும், டர்பனின் குவாசுலு-நடால் பல்கலைக்கழகம் என்றால் இன்னொரு வரி விளக்க வேண்டியிருக்கும்.

என் மாமனாரின் அக்கா இதைக் கேட்டுச் சிரித்தார். இந்தியருக்கென்று 1961-இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் திறந்த கல்லூரிக்குப் படகில் போய்ப் படித்தவர் அவர். அதுதான் பின்னால் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆகி, 2004-இல் நடால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்றைய குவாசுலு-நடால் ஆனது. "அன்றைக்கு எங்கள் பட்டத்தை யார் மதித்தார்கள்? சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான் எங்களுக்குப் பெயர்" என்றார்.

மகள் டர்பனிலேயே சேர்ந்துவிட்டாள். மையத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் கேட்டு வாட்ஸ்அப் வந்தது. இரண்டு போட்டேன். கடிதத்துக்காக இன்னும் அரை சேர்க்கச் சொன்னாள் மகள். அந்தப் பக்கத்தில் அரை போட வழியில்லை.