‘பாதிக்கப்படாதவை’ என்று ஒரு வரி

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி சர்வர்களின் பாதுகாப்பு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து நின்றார். “அக்கா, அந்தப் பழைய உபுண்டு 20.04 சர்வர்ல கர்ல் 7.68.0 இருக்கு. 8.4.0-க்குக் கீழ எல்லாமே ஆபத்துன்னு சிவப்புல போட்டிருக்கு. சாக்ஸ்5 ஓட்டை நமக்கும் உண்டா?”

கர்ல் என்பது இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் மென்பொருள். உபுண்டு அந்த சர்வரின் இயங்குதளம். சாக்ஸ்5 என்பது ஒரு வகை ப்ராக்ஸி, அதாவது நடுவில் நின்று இணைப்பைக் கடத்தும் சர்வர். கர்ல் தளத்தில் சிவிஇ-2023-38545 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் அடையாள எண்) பக்கத்தைத் திறந்து காட்டினேன். பாதிக்கப்பட்டவை: 7.69.0 முதல் 8.3.0 வரை. அதற்கு அடுத்த வரியிலேயே பாதிக்கப்படாதவை: 7.69.0-க்கு முந்தையவை, 8.4.0-உம் அதற்குப் பிந்தையவையும். 2020 மார்ச்சில் வந்த 7.69.0-இல்தான் அந்த ஓட்டை நுழைந்திருக்கிறது. ஒரே ஒரு வெர்ஷன் வித்தியாசத்தில் தப்பித்திருக்கிறோம். தம்பி முகம் அப்போதுதான் தெளிந்தது.

பல வருடமாக இந்தப் பக்கங்களைப் பார்த்துவருகிறேன். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது வரிதான். எது பாதிக்கப்பட்டது என்று எல்லோரும் எழுதுவார்கள், எது பாதிக்கப்படவில்லை என்று எழுத மாட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதுதான் வேண்டும். கீழே என்ன செய்யலாம் என்பதையும் வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள்: புது வெர்ஷனுக்கு மாறு, முடியாவிட்டால் பேட்ச் (ஓட்டையை மட்டும் அடைக்கும் திருத்தம்) போடு, அதுவும் முடியாவிட்டால் அந்த வகை ப்ராக்ஸியைப் பயன்படுத்தாதே. உடனே மாற முடியாத அலுவலகங்களுக்கு அந்த மூன்றாவது வழி பெரிய உபகாரம்.

குறை இல்லாமல் இல்லை. 7.68.0-க்கென்று தனிப் பக்கம் உண்டு. அதைத் திறந்தால் ஓட்டைகள் நீளமாக வரிசை கட்டி நிற்கும். சாக்ஸ்5 ஓட்டை வெளியான அதே நாளில் வெளியான சிவிஇ-2023-38546 என்ற குக்கீ ஓட்டையும் அதில் இருக்கும். ஆனால் உபுண்டு அதே 7.68.0 எண்ணை வைத்துக்கொண்டே உள்ளே பேட்ச் போட்டுத் தருகிறது. 7.68.0-க்குப் பின்னால் வாலாக ஒட்டியிருக்கும் எண் மட்டும்தான் மாறும். அந்த வால் கர்ல் பக்கத்துக்குத் தெரியாது, உபுண்டு பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். தம்பிக்கு இதை விளக்கத்தான் அதிக நேரம் ஆனது.

சரி, இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். நாங்கள் தினமும் நம்பியிருக்கும் இன்னொரு லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு), பெயர் வேண்டாம், போன வருடம் தன் பாதுகாப்புப் பக்கத்தை மாற்றி அமைத்தது. நியாயமாகச் சொன்னால் பல விஷயம் தேறியிருக்கிறது. ஓட்டை கண்டால் யாருக்கு மெயில் போடுவது என்பது முன்பு அடியில் புதைந்து கிடந்தது, இப்போது உச்சியில் இருக்கிறது. எந்த வெர்ஷனுக்கு எதுவரை ஆதரவு என்று அட்டவணை வந்திருக்கிறது. ஃபோனிலும் நன்றாகத் தெரிகிறது.

ஆனால் பழைய ஓட்டைகளையெல்லாம் வருடவாரியாகப் பிரித்து, சொடுக்கினால் மட்டும் விரியும் பெட்டிகளில் போட்டுவிட்டார்கள். முன்பு ஒரே நீளப் பக்கம், பார்க்க அசிங்கம்தான். கன்ட்ரோல்-எஃப் தட்டி வெர்ஷன் எண்ணைப் போட்டால் பத்து நொடியில் பதில் கிடைக்கும். இப்போது மூடிய பெட்டிக்குள் இருப்பது தேடலில் சிக்குவதே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். எங்கள் ஆவணங்களில் நான் ஆறு வருடமாகச் சேர்த்த இணைப்புகள் அத்தனையும் முகப்புக்குப் போய் நிற்கின்றன. அப்புறம், ஓட்டை எந்த வெர்ஷனில் சரிசெய்யப்பட்டது என்ற எண் பட்டியலிலேயே இல்லை. அது உள்ளே மூன்றாம் பத்தியில் இருக்கிறது.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் புதிய பக்கம்தான் நல்ல பக்கம். ஆனாலும் எனக்குப் பழையதுதான் வேண்டும். அவசரத்தில் கைகொடுத்தது அதுதான். பட்டியலில் ‘சரிசெய்யப்பட்ட வெர்ஷன்’ என்று ஒரு நெடுவரிசையும், எல்லாப் பெட்டியையும் திறக்க ஒரு பொத்தானும் கேட்டு நேற்று மெயில் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பழைய பக்கத்தின் நகல் என் மேசைக் கணினியில் இருக்கும். தம்பிக்கும் ஒன்று அனுப்பிவிட்டேன்.