லேசர் பதம் போட்ட டிரிம் டை: எல்லாம் சரி, அந்த ஒரு கோடுதான்

வெல்டிங் போட்டுத் தேற்றிய டிரிம் ஸ்டீல் (தகட்டை ஓரம் வெட்டும் டையின் வெட்டுக் கட்டை) இரண்டாவது முறையாக லேசர் பதத்துக்கு, அதாவது லேசர் சூட்டால் மேற்பரப்பைக் கடினமாக்குவதற்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து டூல்ரூமில், "நம்ம டைக்கும் இதையே போட்டுடலாமாண்ணே?" என்று கேட்டார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற பதில் இல்லை. அதனால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

எந்த டை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1 மி.மீ. சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகட்டில் பேனல் போடும் செட். தகட்டை இழுத்து வடிவாக்கும் டிரா டை எஸ்.ஜி. அயர்ன் (கிராஃபைட் உருண்டைகள் உள்ள வார்ப்பிரும்பு). டிரிம் ஸ்டீல்கள் 1.2358 என்ற டூல் ஸ்டீல். டிராவில் தகடு வழுக்கிப் போகும் வளைந்த விளிம்பான ரேடியஸுக்கும், டிரிமில் வெட்டும் விளிம்புக்கும் டயோடு லேசரில் பதம். வெளிச்சுற்று டிரிம் துண்டு துண்டான ஸ்டீல்களால் ஆனது. நடுவில் ஒரு பெரிய திறப்பு இருக்கிறது, அது ஒரே கட்டையில் வெட்டிய மூடிய வளைவு. இந்தப் பதிவின் வில்லன் அந்தத் திறப்புதான்.

நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். கோணல் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. கேஸ் டார்ச்சில் ஃபிளேம் ஹார்டனிங் செய்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். டார்ச்சில் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சூடேற்றுகிறோம். வெயில் அடிக்கும் மதியத்தில் ஒரு சிவப்பு, மாலையில் வேறு சிவப்பு. சூடு 3, 4 மி.மீ. வரை உள்ளே இறங்கும், நீளமான ஸ்டீல் வாழைப்பழம் போல வளையும். பிறகு ஸ்பாட்டிங்கில் (இரு பாகமும் எங்கே படுகிறது என்று பார்த்துத் தேய்க்கும் வேலை) நீலம் தடவித் தடவி, டைமேக்கர் நாள்கணக்கில் அதைத் திரும்ப உட்கார வைப்பார். லேசரில் மேற்பரப்பின் சூட்டை பைரோமீட்டர் (தொடாமலே சூட்டை அளக்கும் கருவி) நொடிக்குப் பல நூறு தடவை பார்த்து, பவரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது. பதமாகும் ஆழம் 0.8 முதல் 1.2 மி.மீ. தண்ணீரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அடியில் இருக்கும் குளிர்ந்த இரும்பே சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் தானாகவே குவென்ச் ஆகிறது, அதாவது சட்டென்று குளிர்கிறது. இரும்பு மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக ஆகும்போது கன அளவு கூடும் என்பதால் மேற்பரப்பு பத்து, இருபது மைக்ரான் உப்பும். அவ்வளவுதான். டயல் வைத்துப் பார்த்தால் தெரியும், ஸ்பாட்டிங்கில் ஒரு கல் தேய்ப்பில் போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபிளேமுக்குத் திரும்பிப் போக மனம் வராது.

டிரா ரேடியஸிலும் குறை சொல்ல எதுவுமில்லை. பீம் அகலம் 20 மி.மீ. இருந்ததால் ரேடியஸ் முழுவதும் ஒரே ஓட்டத்தில் மூடப்பட்டது. தகடு வழுக்கிப் போகும் இடத்தில் பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டம் சேரும் இணைப்பு எதுவும் வரவில்லை. ஸ்கோரிங் (தகட்டில் விழும் உரசல் கீறல்) குறைந்தது கையில் தடவினாலே தெரிகிறது. எஸ்.ஜி. அயர்னில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கிராஃபைட்டைச் சுற்றியுள்ள இரும்பு (மேட்ரிக்ஸ்) கார்பன் கலந்த பெர்லைட்டாக இருந்தால்தான் இந்த வேலை எடுபடும். கார்பன் அற்பமான ஃபெர்ரைட் மிகுந்த வார்ப்பை அனுப்பினால் கிராஃபைட்டிலிருந்து கார்பன் பரவிவர நேரம் போதாது, பதம் திட்டுத்திட்டாக வரும். சூட்டைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று நினைத்தால் கிராஃபைட் உருண்டைகளைச் சுற்றி உருகத் தொடங்கிவிடும். எஸ்.ஜி. 700 கிரேடு என்று பேட்டர்ன் டிராயிங்கிலேயே எழுதிவிடுங்கள்.

இனி அந்தக் கோடு.

மூடிய வளைவில் பீம் ஒரு இடத்தில் தொடங்கி, சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். தொடங்கிய இடம் அதற்குள் மார்ட்டென்சைட்டாக ஆகியிருக்கும். பீம் திரும்பி வரும்போது அதன் முன்னே ஓடும் சூடு அந்த மார்ட்டென்சைட்டை மறுபடி சுடுகிறது. நேரே பீமுக்குக் கீழே வரும் பகுதி மீண்டும் ஆஸ்டெனைட்டாகி (அதிகச் சூட்டில் இரும்பு எடுக்கும் அமைப்பு) மீண்டும் பதமாகிவிடும், அதில் பிரச்சினை இல்லை. அதற்கு அடுத்தாற்போல் 400 முதல் 700 டிகிரி வரை மட்டும் சூடேறிய ஒரு பட்டை இருக்கிறதே, அங்கேதான் பதம் இறங்கிவிடுகிறது. பட்டையின் அகலம் 2, 3 மி.மீ.தான். இருபுறமும் 58 காட்டும் ஹெச்.ஆர்.சி. (ராக்வெல் கடினத்தன்மை எண்) அங்கே 45 பக்கம் வந்து நிற்கிறது. மெஷின் கோளாறோ ஆபரேட்டரின் கைப்பிழையோ அல்ல. ஒரே பீமை வைத்து வட்டத்தை மூடினால் இது வந்தே தீரும்.

இதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் நைட்டால் என்ற ஆசிட் கலவையைத் தடவிப் பாருங்கள். 96 மி.லி. எத்தில் ஆல்கஹாலில் 4 மி.லி. நைட்ரிக் ஆசிட். ஆசிட்டைத்தான் ஆல்கஹாலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கலந்ததை இறுக மூடி வைக்கவும் கூடாது. விளிம்பை 400 நம்பர் எமரியால் துடைத்து, பஞ்சில் தொட்டு ஒருமுறை ஓட்டினால் பத்துப் பதினைந்து நொடியில் படம் வந்துவிடும். பதமான பட்டை வெளிர் சாம்பலாக, கரை கட்டிய வேட்டி போல நேராக ஓடும். அதன் குறுக்கே பென்சிலால் அழுத்திக் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பதம் இறங்கிய மார்ட்டென்சைட்டை ஆசிட் சீக்கிரம் கறுக்க வைக்கும். பார்த்து முடித்ததும் சோடா மாவுத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச மறந்தால் மறுநாள் காலையில் துரு இருக்கும்.

ஸ்டீலில் 3 மி.மீ. கோடு, பேனலில் 3 மி.மீ. நீளத்துக்கு பர் (வெட்டிய ஓரத்துப் பிசிறு). அந்த இடத்தில் விளிம்பு முதலில் மழுங்குகிறது. ஒரு பக்க கிளியரன்ஸ் (வெட்டும் இரு விளிம்புகளுக்கு நடுவே விடும் இடைவெளி) 0.07 மி.மீ. வைத்த டையில் விளிம்பு லேசாக உருண்டாலே தகடு வெட்டுப்படாமல் இழுபட்டுக் கிழியும். மற்ற விளிம்பெல்லாம் நகம் வைத்தால் சுரண்டும் கூர்மையில் இருக்க, இந்த ஒரு இடத்துக்காக முழு ஸ்டீலையும் கழற்றி ரீகிரைண்டிங் (திரும்ப அரைத்துக் கூராக்குவது) செய்ய வேண்டியிருக்கிறது. என் எரிச்சல் முழுவதும் இங்கேதான். ஒரு டையின் ஆயுளை அதன் நல்ல விளிம்பு தீர்மானிப்பதில்லை, அதில் மிக மோசமான 3 மி.மீ. தீர்மானிக்கிறது. ஆர்டர் எடுக்கும்போது ஜாப் ஒர்க் செய்பவர் இதை வாயால்கூடச் சொல்லவில்லை. கொடுத்த ரிப்போர்ட்டில் ஹார்ட்னஸ் ஆறு இடத்தில் எடுத்திருக்கிறார்கள், ஆறும் நல்ல இடங்கள். இணைப்பு எங்கே என்ற குறிப்பே இல்லை.

இதற்குச் செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாம் டிசைன் மேசையில் செய்ய வேண்டியவை, லேசர் முடிந்த பிறகு எதுவும் செய்ய முடியாது. முதலாவது, திறப்பை ஒரே கட்டையில் வெட்டாமல் இரண்டு அல்லது நான்கு துண்டுகளாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பதம் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும், வட்டம் மூட வேண்டிய தேவையே இராது. துண்டின் இரு முனையிலும் அதே உயரத்துக்கு ஒரு இரும்புத் துண்டை இடைவெளியில்லாமல் ஒட்டி கிளாம்ப் செய்து, பீம் அந்தத் துண்டில் தொடங்கி எதிர்முனைத் துண்டில் போய் நிற்கும்படி ஓட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முனையில் சூடு போக வழியின்றித் தேங்கி, மூலை உருகி மெழுகு வழிந்த மாதிரி உருண்டுவிடும். அதற்குப் பயந்து ஆபரேட்டர் 3 மி.மீ. முன்னாலேயே பீமை நிறுத்தினால், அங்கேயும் மெத்தென்ற முனைதான் மிஞ்சும்.

பிரிக்கவே முடியாத திறப்பு என்றால், இணைப்பு எங்கே வர வேண்டும் என்பதை நீங்களே டிராயிங்கில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். மூலை ரேடியஸில் வேண்டவே வேண்டாம், அங்கேதான் விளிம்புக்கு அடி அதிகம். நேரான பகுதியில், பேனலில் பர் இருந்தாலும் அசெம்பிளிக்கு இடையூறு இல்லாத பக்கத்தில் வையுங்கள். இணைப்பை விளிம்புக்குச் செங்குத்தாக விடாமல் சாய்வாகக் கொண்டுபோகும் வழியும் உண்டு. டிரா ரேடியஸ் போன்ற இடத்தில் தேய்மானம் பரவிவிடுவதால் அதற்குப் பலன் இருக்கிறது. வெட்டும் விளிம்பில் சாய்த்தாலும் கோடு எங்கோ ஓரிடத்தில் விளிம்பைக் கடந்துதானே ஆக வேண்டும்? பெரிய பேரிங் வளையங்களுக்கு இரண்டு ஹெட் வைத்து, ஒரே புள்ளியில் தொடங்கி எதிரெதிராக ஓடி மறுபக்கத்தில் சந்திக்கும்படி செய்கிறார்கள். சந்திக்கும் இடத்தில் பழைய பதம் எதுவும் இல்லாததால் கோடும் விழாது. டை வேலைக்கு அந்த வசதி ஜாப் ஒர்க்கில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

பீமின் கோணத்தையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள், இது ரீகிரைண்டிங்குக்கான முதலீடு. மேல் முகத்தில் மட்டும் ஓட்டினால் கிடைப்பது 1 மி.மீ. ஆழம். தடவைக்கு 0.2 அரைத்தால் நாலைந்து முறையில் பதம் தீர்ந்துவிடும். வெட்டும் பக்கச் சுவரில் 10 மி.மீ. உயரப் பட்டையாக ஓட்டினால், மேலிருந்து அரைக்க அரைக்கப் பதமான விளிம்பே வந்துகொண்டிருக்கும். ஆனால் விளிம்புக்கு அருகில் சூடு தேங்கும் அபாயம் இங்கேயும் உண்டு. அதனால் மேல் முகத்தில் 0.3 மி.மீ. கூடுதலாக விட்டு அனுப்புங்கள். லேசாக உருண்ட மூலை அரைப்பில் போய், கூரான விளிம்பு கிடைக்கும். அரைக்கும்போது ஒரு பாஸுக்கு 5 மைக்ரானுக்கு மேல் இறக்காதீர்கள், கூலன்ட் தாராளமாக ஓடட்டும். 1 மி.மீ. பதத்தை அவசர கிரைண்டிங்கில் எரித்துவிட்டு லேசரைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அனுப்பும் முன் இரண்டு விஷயம். உருட்டிய பாரின் மேல் தோலில் கார்பன் குறைந்திருக்கும். 2 மி.மீ.யாவது மில்லிங்கில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு சூடேற்றினாலும் மேற்பரப்பு மெத்தென்றே இருக்கும். பரப்பு முழுவதும் ஒரே மாதிரி ஃபினிஷில் இருக்கட்டும். ஒரு பாதி பளபளப்பும் ஒரு பாதி கருப்பும் இருந்தால் லேசரை உறிஞ்சும் அளவு மாறும், பைரோமீட்டரும் ஏமாறும். எண்ணெய், மார்க்கர் எழுத்து, கைரேகை எல்லாவற்றையும் அசிட்டோனில் துடைத்துவிடுங்கள்.

ஹெச்.சி.ஹெச்.சி.ஆர். (கார்பனும் குரோமியமும் மிகுந்த) ஸ்டீலை அனீல் நிலையில், அதாவது இன்னும் கடினமாக்காத மெத்து நிலையில், லேசருக்கு அனுப்பாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கார்பைடுகள் அந்த ஒன்றிரண்டு நொடியில் கரையாது. கரையட்டும் என்று சூட்டைக் கூட்டினால் ஆஸ்டெனைட் மாறாமல் தங்கி, ஹார்ட்னஸ் குறைந்தே வரும். அதற்கு வேக்வம் ஹார்டனிங்தான் (வெற்றிட உலையில் முழுத் துண்டையும் கடினமாக்குவது) வழி. பதமாகும் ஆழத்தைப் போலப் பத்து மடங்காவது பின்னால் கனம் இல்லாத மெல்லிய துண்டுகளும் இதற்கு ஒத்துவராது, தானாகக் குளிர இரும்பு போதாது. லேசர் பதத்துக்கு மேலே டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் போடும் எண்ணம் இருந்தால், அந்தக் கோட்டிங் பொதுவாக 400, 500 டிகிரியில் நடக்கும் வேலை என்பதை நினைவில் வையுங்கள். போட்ட பதம் அங்கேயே தணிந்துவிடும்.

திரும்பி வந்ததைச் சோதிக்கும்போது வழக்கமான 150 கிலோ ராக்வெல் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். பதம் மெல்லியதாக இருக்கும் இடத்தில் வைர முனைக்கு அடியிலுள்ள மெத்து இரும்பும் சேர்ந்து அமுங்கி, எண் குறைத்துக் காட்டும். 15 கிலோ சூப்பர்ஃபிஷியல் ராக்வெல்லோ, 10 கிலோ விக்கர்ஸோ சரி. கைக்கு ஒரு புது அரம் போதும். பதமான இடத்தில் கண்ணாடியில் போல வழுக்கும், அந்தக் கோட்டில் வந்ததும் கடிக்கும்.

இந்த முறை நடந்த ரிப்பேரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. திறப்பின் விளிம்பில் ஒரு இடம் சிப்பிங் ஆனது, அதாவது சில்லாக உடைந்தது. 200 டிகிரிக்குச் சூடேற்றி, டிக் வெல்டிங்கில் நிரப்பி, சாம்பலில் மெல்ல ஆற வைத்து, அரைத்து எடுத்தாயிற்று. வெல்டிங் சூட்டில் அக்கம்பக்கத்துப் பதம் போனதால் அந்த 40 மி.மீ.க்கு மட்டும் மறுபடி லேசர். புது ஓட்டம் தொடங்கிய இடத்தில் ஒரு கோடு, முடிந்த இடத்தில் ஒரு கோடு. ஏற்கெனவே இருந்த ஒன்றோடு மூன்று. துண்டுகளாகப் பிரித்த வெளிச்சுற்று ஸ்டீலாக இருந்திருந்தால், முனை முதல் முனை வரை முழுத் துண்டையும் திரும்ப ஓட்டி ஒரு கோடும் இல்லாமல் எடுத்திருக்கலாம். ஒரே கட்டையில் அதற்கு வழியில்லை.

டிரா ரேடியஸுக்கும் வெளிச்சுற்றுக்கும் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன், அடுத்த செட்டுக்கும் அதே லேசர்தான். நடுத் திறப்பைப் பற்றி இன்று கேட்டால், வேண்டாம், ஹெச்.சி.ஹெச்.சி.ஆர். இன்சர்ட் (தனியாகப் பொருத்தும் துண்டு) வெட்டி வேக்வமில் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அதில் ஒரு பக்கம் 0.05 மி.மீ. கோணினாலும் அரைத்துச் சரிசெய்யலாம். பிரஸ்ஸிலிருந்து இப்போது வரும் பேனலில் மூன்று இடத்தில் சாக்பீஸ் வட்டம் போட்டு அனுப்புகிறார்கள். மூன்றும் நைட்டாலில் தெரிந்த கோடுகளுக்கு நேரே இருக்கின்றன.