மடியில் பிள்ளை, தோளில் வண்டி: ஒரு ஸ்ட்ரோலரோடு 17 மாதம்

போன வாரம் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்பு தைக்கிற ஒருவரிடம் போய் உட்கார்ந்திருந்தேன். கையில் செருப்பு இல்லை, ஸ்ட்ரோலர், அதாவது பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளுகிற மடக்கு வண்டி. அந்த நேரம் பார்த்து ஆபீசில் கூட வேலை பார்க்கிற பெண் வாட்ஸாப்பில் கேட்டாள்: "அக்கா, ஏரோபிளேன் உள்ளேயே எடுத்துட்டுப் போகலாம்னு ஒரு வண்டி வெச்சிருக்கீங்களே, இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கட்டுமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு இருந்த கோபத்தில் இவ்வளவு நீளமாகிவிட்டது.

எடை, அளவு, குடை, பெல்ட் விவரமெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது, அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. கம்பெனி பெயரும் வேண்டாம். நான் 11,500 கொடுத்தது இப்போது 8,000-க்குள் கிடைக்கிறதாம். அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்குப் புனேயில் வேலை. நானும் பையனும் வேலூர் சத்துவாச்சாரியில் மாமனார் மாமியாரோடு. பையனுக்கு ஆறு மாதம் ஆனபோது வண்டியை வாங்கினோம். இந்த 17 மாதத்தில் ஐந்து முறை போய் வந்தாயிற்று, அதாவது பத்து விமானம். அப்துல்லாபுரத்தில் நமக்கே ஒரு விமான நிலையம் இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் இதை எழுதுகிற வரைக்கும் அங்கே ஏறிப் போகப் பயணிகள் விமானம் இல்லை. ஆகவே சென்னைதான். காரில் போனால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் என்று டோல் கட்டிக்கொண்டே போக வேண்டும். கார் அமையாவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி அங்கிருந்து மெட்ரோ. வண்டி விமான நிலையத்தைப் பார்ப்பதற்குள்ளேயே பாதி உழைப்பை உழைத்துவிடுகிறது.

சரி, என்னைச் செருப்பு தைக்கிறவரிடம் கொண்டு போய் உட்கார வைத்த கொக்கிக்கு வருகிறேன்.

வண்டியை மடித்தால் இடது பக்கச் சட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி தானாகப் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் வண்டி மடிந்திருக்கிறது. வராவிட்டால் மடிந்த மாதிரி நடிக்கிறது என்று அர்த்தம். தோளில் மாட்டி நாலடி நடந்ததும் பின்பக்கம் விரிந்துகொண்டு முட்டியில் இடிக்கும். ஒரே கையில் மடிக்கலாம் என்று விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே மடித்துக் காட்டுகிறாள். அவள் இடுப்பில் பத்து கிலோ பையன் இல்லை. பட்டனை அமுக்க ஒரு கை, கைப்பிடியைக் கீழே தள்ள இன்னொரு கை, கொக்கி மாட்ட முழங்காலால் ஒரு இடி. இது என் கணக்கு. மாமியார் முதல் நாளே பார்த்துவிட்டு, "கடலை வண்டியக் கூட இதவிட சுளுவா மடிச்சிடலாம்மா" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது.

இந்தக் கொக்கி பழிவாங்குகிற இடம் செக்யூரிட்டி வரிசை. அங்கே குழந்தையை வண்டியிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும், வண்டியை மடித்து எக்ஸ்ரே பெல்ட்டில் வைக்க வேண்டும். பின்னால் லேப்டாப்பைத் தட்டில் போட்டுவிட்டு நாற்பது பேர் நிற்பார்கள். முதல் பயணத்தில் பெல்ட்டில் நகர்ந்துகொண்டிருக்கும்போதே கொக்கி விட்டுவிட்டது. மெஷின் வாயில் வண்டி பாதி விரிந்து, குடை மேலே மாட்டி, பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் காவலர் வந்து பையனைக் கையில் வாங்கிக்கொண்டு, "மெதுவா மடிங்க, அவசரமில்ல" என்றார். அந்த மூன்று நிமிஷத்தில் பையன் அவருடைய பெயர்ப்பட்டையைப் பிடுங்கப் பார்த்தான். அவர் பெயரைப் படித்து வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து, 'உள்ளேயே எடுத்துட்டுப் போற' கதை. உள்ளே எடுத்துக்கொண்டு போகலாம்தான், விடுகிறவர்கள் இருந்தால். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 55, 35, 25 சென்டிமீட்டர் என்று ஒரு பெட்டி அளவு வைத்திருக்கிறார்கள். என் வண்டியை மடித்து வீட்டு டெய்லர் டேப்பில் அளந்து பார்த்தேன், அகலம் 44. இந்த வகை வண்டிகள் பலவற்றுக்கும் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கிறது. பத்து விமானத்தில் இரண்டு முறை உள்ளே விட்டார்கள், இரண்டுமே பாதி காலியாகப் போன விமானம். மற்ற எட்டு முறையும் கவுண்டரில் ஒரு டேக் கட்டி, விமான வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஒப்படைத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை, 15 கிலோ பெட்டிக் கணக்கிலும் சேர்க்கவில்லை. நான் போனதெல்லாம் அப்படித்தான். டிக்கெட் போடும்போது உங்கள் விமானத்தின் விதியை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். வாசல் வரைக்கும் வண்டி கூட வந்தாலே போதும் என்பது என் அனுபவம், உள்ளே போயே தீர வேண்டும் என்று கூடுதல் காசு கொடுத்தது வீண்.

ஆனால் கொடுத்த வண்டி திரும்பக் கிடைக்கிற இடம் ஒவ்வொரு முறையும் வேறு. சில ஊரில் இறங்குகிற வாசலிலேயே நிற்கும். சில ஊரில் பெட்டிகளோடு பெல்ட்டில் உருண்டு வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாசலில் பத்து நிமிஷம் காத்து நின்றிருக்கிறேன், தூங்குகிற பிள்ளையோடு. இப்போதெல்லாம் கொடுக்கும்போதே "வாசலிலா, பெல்ட்டிலா?" என்று கேட்டுவிடுகிறேன். கேட்டாலும் சரியான பதில் வருமென்று சொல்ல முடியாது. அதனால் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொள்கிற ஒரு துணி கேரியரை எப்போதும் தோள்பையில் சுருட்டி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் கொண்டு போய் இறக்கி ஏணிப்படி ஏறச் சொல்கிற நாளில் அதுதான் கடவுள்.

பிள்ளைக்கு இரண்டு வயது முடிகிற வரைக்கும் மடி டிக்கெட். தனி சீட்டும் கிடையாது, நான் போன விமானங்களில் தனி பெட்டிக் கணக்கும் கிடையாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று யார் சொன்னார்களோ, பிள்ளை பெற்றவர்கள்தான். இறங்கும்போது காது அடைத்து அழுவான். தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே விமானம் தாழ ஆரம்பித்துவிடுகிறது. அந்த நேரத்துக்கென்று கொஞ்சம் பாலை மிச்சம் வைத்தால் விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். ஏறினவுடனேயே பால் முழுவதையும் கொடுத்துத் தீர்த்துவிட்டு இறங்கும்போது நான் விழித்தது இரண்டாவது பயணத்தில்.

இனி நல்லது. நான் எதிர்பார்க்காத நல்லது.

பையன் இந்த வண்டியில் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினால் பாதிதான் வரும். நடக்க ஆரம்பித்ததும் இறங்கி வண்டியைத் தானே தள்ளுவேன் என்று அடம். மீதி நேரம் யார் உட்கார்ந்து வந்தது? பைகள். இருக்கையில் ஏழு கிலோ கைப்பை, பெல்ட் போட்டு. கைப்பிடியில் டயப்பர் பை. கீழே கூடையில் மாமியார் சீர். நானும் ஒரு கையால் பையனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இவ்வளவையும் வழுவழுத் தரையில் ஒரு விரலால் திருப்பித் திருப்பிப் போவேன். முன் சக்கரம் அப்படிச் சுழலும். இதை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், மளிகைக் கடையில் கூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிற வண்டியை நான் தள்ளியதில்லை. மெட்ரோ லிஃப்டில் ஏற்றி இறக்குவது, டாக்சி டிக்கியில் ஓரமாகச் சொருகுவது எல்லாமே சுலபம். பையனுக்காக வாங்கினது பெட்டிக்காக வாங்கினதாகிவிட்டது. ஆனால் கைப்பிடியில் பை தொங்கும்போது பிள்ளையைத் தூக்கினால் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். பையை முதலில் எடுங்கள், பிள்ளையை அப்புறம்.

ஊரில் மட்டும் இது செல்லாக்காசு. கூட்டம் நெரிகிற லாங்கு பஜாரில் இதைத் தள்ளிக்கொண்டு போகிற தைரியம் எனக்கு இல்லை. கோட்டை அகழி ஓரப் பூங்காவில் சாயங்காலம் ஒரு சுற்று, அவ்வளவுதான் வேலூரில் இதற்கு வாழ்க்கை.

மாமியார் சீர் என்றேன் இல்லையா. ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு கிலோ முள்ளுக் கத்திரிக்காய் போகும். புனேயில் கத்திரிக்காயே கிடையாதா என்று கேட்டால், "நம்ம ஊர் காய் மாதிரி வருமா?" இந்த இலவம்பாடிக் காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதால் இனி வாதாடவும் முடியாது. கூட ஜீராவில் ஊறின ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா. மூன்றாவது பயணத்தில் அந்த ஜீரா கசிந்து கூடைத்துணியில் இறங்கிவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கூடையைக் கழற்றித் துவைக்க முடியாது. இருக்கைத் துணி கழலும், குடை கழலும், கூடை மட்டும் சட்டத்தோடு தைத்தது. இரண்டு வாரம் எறும்பு. இதைக் கம்பெனி தலையில் கட்டுவது நியாயமில்லை, மக்கன் பேடாவை மனதில் வைத்து யாரும் ஸ்ட்ரோலர் செய்வதில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கடைசிப் பயணத்தில்தான் கொக்கி உடைந்தது. புனேயிலிருந்து திரும்பி வந்து பெல்ட்டில் எடுக்கும்போது வண்டி விரிந்தே வந்தது, கொக்கி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பிளவு. யார் எப்படிப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது, டேக் கட்டிக் கொடுக்கிற சாமான் பூ மாதிரி வராது. நான் செய்திருக்க வேண்டியது, கொடுக்கும் முன் ஒரு போட்டோ, சுற்றி ஒரு பெல்ட். இரண்டும் செய்யவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், கொக்கி மட்டும் தர மாட்டார்களாம், சட்டம் முழுசாக மாற்ற வேண்டுமாம், 4,200 ரூபாய். நகம் அளவு பிளாஸ்டிக்குக்கு!

குடை மாதிரி மடங்குகிற, எடை குறைந்த பிள்ளை வண்டியை முதலில் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர், 1965-இல். விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக் காலை வடிவமைத்ததில் அவருக்குப் பங்குண்டு. மகள் பேரப்பிள்ளையோடு கனமான வண்டியை இழுத்துக்கொண்டு அல்லாடுவதைப் பார்த்து, விமானத்தின் கால் மடங்குகிற பாடத்தை அலுமினியக் குழாயில் செய்து காட்டினார். விமானத்திலிருந்து பிறந்த வண்டிக்கு விமானத்தில் ஏறத்தான் இவ்வளவு பாடு. அந்த ஸ்பிட்ஃபயருக்கு என் வண்டிக் கொக்கியை மாட்டியிருந்தால் போரின் முடிவே மாறியிருக்கும்.

அப்படித்தான் செருப்பு தைக்கிறவரிடம் போனேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல் பாகம், தைத்த கை. வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, கொக்கிய பிளாஸ்டிக்குல வெச்சிருக்கான்? எத்தினி நாளிக்கு வரும்?" பதினேழு மாதம் வந்தது என்றேன். சிரிக்கவில்லை. பெல்ட்டுக்கு வெட்டின தோலில் மிச்சத் துண்டு ஒன்றை எடுத்தார், இரண்டு விரல் அகலம், காபிப் பொடி நிறம். சட்டத்தில் சுற்றி அளந்து, நகத்தாலேயே ஒரு கோடு போட்டு, கத்தியால் ஒரே இழுப்பு. விளிம்பை மடித்து, குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு நூலை இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துத் தைத்தார். பித்தளை பக்கிள் ஒன்று, இந்தப் பக்கம் ஒரு ரிவிட். இருபது நிமிஷம். "இழுத்துப் பாரும்மா" என்று வண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அவரே அதைத் தோளில் வாங்கி மாட்டி ஒரு குலுக்குக் குலுக்கினார். வண்டி அசையவில்லை. 120 ரூபாய்.

இப்போது 'டக்' சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம், பக்கிளைப் போட்டால் முடிந்தது. ஆனால் ஒரு கையில் மடிக்கிற பேச்சு சுத்தமாகப் போயிற்று, இனி இரண்டு கையும் வேண்டும். எப்போது ஒரு கையில் மடிந்தது என்பது வேறு விஷயம்.

ஆகவே தங்கச்சி, வாங்காதே. எட்டாயிரம் என்றாலும் வாங்காதே. வருஷத்துக்கு ஒரு தடவை போய் வருகிற உனக்கு மூவாயிரத்துக்குக் குடை மாதிரி மடங்குகிற சாதாரண வண்டி ஒன்றும் ஒரு துணி கேரியரும் போதும். அதையும் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம், உடைந்தாலும் வயிறு எரியாது. ஒருவேளை என்னுடையதை இரவல் கேட்கலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. பையனுக்கு ஜனவரியில் இரண்டு முடிகிறது, டிசம்பரில் புனேக்குக் கடைசி மடி டிக்கெட் போட்டாயிற்று. மாமியார் இப்போதே மக்கன் பேடாவுக்கு இறுக்கமாக மூடுகிற டப்பா தேடிக்கொண்டிருக்கிறார்.