டிடிசியும் டிடி-ஸ்கீமாவும்: ஒன்று கண்டுகொள்ளாது, இன்னொன்று விடாமல் நச்சரிக்கும்

புதிதாக வடிவமைத்த போர்டுகளில் லினக்ஸை எழுப்பிக் கொடுப்பதுதான் என் வேலை. அதில் தினமும் கையில் இருக்கும் கருவிகள் இரண்டு. டிவைஸ் ட்ரீ கம்பைலர், சுருக்கமாக டிடிசி. அதோடு டிடி-ஸ்கீமா. இரண்டும் ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. ஆனால் இவற்றை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இந்த விமர்சனம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிசிஐ, யுஎஸ்பி சாதனங்களை லினக்ஸின் மையமான கெர்னல் கேட்டால் "நான் இன்னார்" என்று சொல்லிவிடும். சிப்புகளை இணைக்கும் எளிய பஸ்ஸான ஐ2சி-யில் தொங்கும் ஒரு வெப்பநிலை சென்சாருக்கு அந்தப் பேச்சே கிடையாது. எந்த பஸ்ஸில், எந்த முகவரியில், எந்த இன்டரப்டில் (பிராசஸரைக் கூப்பிடும் சைகையில்) அது இருக்கிறது என்று நாம்தான் எழுதித் தர வேண்டும். ஆர்ம் பிராசஸர் உலகத்தில் முன்பு ஒவ்வொரு போர்டுக்கும் இதை சி மொழியிலேயே எழுதிக் குவித்தார்கள். 2011-ல் அந்தக் குவியலைப் பார்த்து லினஸ் டோர்வால்ட்ஸ் பொரிந்து தள்ளினார். அப்புறம்தான் ஓப்பன் ஃபர்ம்வேர் காலத்திலிருந்தே ஸ்பார்க், பவர்பிசி பிராசஸர்கள் பக்கம் இருந்த டிவைஸ் ட்ரீ முறைக்கு, அதாவது வன்பொருள் விவரத்தைத் தனிக் கோப்பில் எழுதிக் கெர்னலிடம் தரும் முறைக்கு, ஆர்ம் முழுசாக மாறியது. நாம் எழுதும் டிடிஎஸ் கோப்பை டிடிசி பைனரி ஆக்குகிறது. கெர்னலைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர் அதை நினைவகத்தில் ஏற்றி, முகவரியைக் கெர்னலிடம் கொடுக்கிறது.

டிடிசி சின்னக் கருவி. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே ஒரு பிரதி இருப்பதால் தனியாக நிறுவக்கூட வேண்டாம். பலர் நினைப்பதை விடக் கொஞ்சம் புத்திசாலியும்கூட. சமீபத்தில் ஒரு போர்டு தயாரிப்பாளர் தந்த டிடிஎஸ்ஸில் டிஎம்பி102 சென்சாரின் முகவரி ஹெக்ஸில் 90 என்று இருந்தது. சரியான முகவரி ஹெக்ஸில் 48. ஏழு பிட் முகவரியோடு கடைசியில் வரும் ரீட்-ரைட் பிட்டையும் சேர்த்து எண்ணினால்தான் 90 வரும். சில ஆவணங்களில் அப்படித்தான் அச்சிடுகிறார்கள். டிடிசி இதைப் பிடித்தது. அந்த சென்சார் தொங்கும் பஸ் நோடின் (நோட் என்பது ட்ரீயில் ஒரு கிளை) பெயர் ஐ2சி என்றிருப்பதை வைத்தே, முகவரி ஏழு பிட்டுக்குள் இருக்க வேண்டுமே என்று எச்சரித்தது. அந்த நிறுவனத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஏன்? அது வெறும் எச்சரிக்கை, பைனரி எப்படியும் உருவாகிவிடும். நூற்றுக்கணக்கான கம்பைல் வரிகளுக்கு நடுவே அது மேலே ஓடிப் போயிருக்கும். இத்தனைக்கும் குறிப்பிட்ட எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்ற டிடிசியில் மைனஸ் பெரிய இ என்றொரு ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டு வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் டிடிசிக்குப் பொருள் தெரியாது, இலக்கணம் மட்டும்தான் தெரியும். இன்டரப்ட்ஸ் என்ற பண்பின் எழுத்துக்கூட்டலில் ஒரு ஆர் விடுபட்டால் அது வாயே திறக்காது. அதைப் பொறுத்தவரை அதுவும் ஒரு பெயர், அவ்வளவுதான். டிரைவர் சரியான பெயரில் தேடும், கிடைக்காது. சில டிரைவர்கள் பிழை சொல்லி நின்றுவிடும். சில சத்தமில்லாமல் போலிங்குக்கு, அதாவது சாதனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும் முறைக்கு, மாறிவிடும், அதுதான் கொடுமை.

இதைவிட எனக்குப் பிடித்த பொறி ஸ்டேட்டஸ். ஒரு சாதனத்தை இயக்க அங்கே "ஓகே" என்று முழு எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும். நல்ல ஆங்கிலம் தெரிந்த ஒருவர் "எனேபிள்ட்" என்று எழுதினால் என்ன ஆகும்? சாதனம் அணைந்துவிடும்! ஓகே என்பதன் இரண்டு வடிவங்களைத் தவிர அங்கே எது இருந்தாலும், இந்தச் சாதனம் இல்லை என்றே கெர்னல் எடுத்துக்கொள்ளும். அந்த வரியையே எழுதாமல் விட்டால் இயங்கும் என்பது கூடுதல் வேடிக்கை. டிடிசி பார்ப்பது அங்கே இருப்பது சரமா இல்லையா என்பதை மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் டிடி-ஸ்கீமா உள்ளே வருகிறது. எந்தச் சாதனத்துக்கு என்னென்ன பண்புகள் இருக்கலாம், எது கட்டாயம் என்ற விதிகளை முன்பு வெறும் உரைக் கோப்புகளில் எழுதி வைத்திருந்தார்கள், படிப்பவர் படித்தால் உண்டு. இப்போது அவை கருவிகள் படிக்கக்கூடிய யாமல் கோப்புகள். பைத்தானில் எழுதிய இந்தக் கருவி நம் டிடிஎஸ்ஸை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. விடுபட்ட ஆர், எனேபிள்ட், நிறுவன முன்னொட்டு இல்லாத சொந்தப் பண்பு எல்லாம் இதில் மாட்டும். கெர்னலுக்கு டிடிஎஸ் அனுப்புகிறவர்கள் இதை ஓட்டாமல் அனுப்பினால் பராமரிப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, குறை என்ன? பேச்சு. இன்டரப்ட்ஸ் பெயரில் எழுத்துப்பிழை செய்தால், பல சாதனங்களுக்கு அது தரும் செய்தி, "இந்தப் பெயர் பின்கண்ட்ரோல் என்று தொடங்கும் வடிவத்தோடு பொருந்தவில்லை" என்பது. பின்கண்ட்ரோல் என்பது சிப் பின்களின் அமைப்பு, அதற்கும் நம் பிழைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அனுமதித்த பட்டியலில் பெயர் இல்லை, மிச்சமிருந்த ஒரே பொது வடிவத்தோடும் ஒத்துவரவில்லை என்பதைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறது. புதிதாக வந்த பொறியாளர்கள் இதைப் படித்துவிட்டு பின் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை விளக்கினால் போதும், ஆனால் விளக்க ஒரு ஆள் வேண்டும்.

வேகமும் சுமார்தான். எல்லாக் கோப்புகளுக்கும் ஓட்டாதீர்கள். எந்த யாமல் வேண்டும் என்று சுற்றுச்சூழல் மாறியில் சொல்லி, உங்கள் போர்டுக்கு மட்டும் ஓட்டுங்கள். இன்னொன்று, சிப் நிறுவனம் தன் சொந்த கெர்னலில் மட்டும் வைத்திருக்கும் டிரைவர்களுக்கு யாமலே இருக்காது. "இந்த கம்பாட்டிபிளுக்கு (சாதனம் எது என்று சொல்லும் பண்புக்கு) ஸ்கீமா இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அந்தச் சாதனத்துக்கே உரிய பண்புகளில் நீங்கள் என்ன கிறுக்கினாலும் கேள்வி இல்லை.

இரண்டுமே பிடிக்காத பிழைகளும் உண்டு. ஆர்மின் ஜிஐசி இன்டரப்ட் கண்ட்ரோலரில், பகிரப்பட்ட இன்டரப்டுகளின் அடையாள எண் 32-ல் தொடங்குகிறது. டிவைஸ் ட்ரீயிலோ அவற்றை 0-விலிருந்து எண்ண வேண்டும். சிப் கையேட்டில் 72 என்று கண்டால் 40 என்று எழுத வேண்டும். 72 என்றே எழுதினாலும் டிடிசி ஏற்கும், ஸ்கீமாவும் ஏற்கும், டிரைவரும் ஏறிவிடும். கெர்னல் இன்டரப்டுகளை எண்ணிக் காட்டும் ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த வரியின் எண்ணிக்கை மட்டும் 0-விலேயே நிற்கும். சிப்பின் கையேட்டை எந்தக் கருவியும் படிப்பதில்லை.

டிடிசியில் அதிகம் பேசப்படாத ஒரு வசதிக்காக மட்டுமே நான் அரை மதிப்பெண் கூட்டிப் போடுவேன். அதைத் திருப்பியும் ஓட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும் போர்டில், உள்ளீட்டு வகை எஃப்எஸ் என்று சொல்லி ப்ராக்கின் கீழ் இருக்கும் டிவைஸ்-ட்ரீ அடைவைக் காட்டினால், கெர்னல் கையில் உண்மையில் இருக்கும் ட்ரீயை டிடிஎஸ்ஸாக எழுதித் தரும். லேபிள்கள், கமென்ட்கள் போயிருக்கும், பீஹேண்டில்கள் (ஒரு நோட் இன்னொன்றைச் சுட்டும் குறிகள்) வெறும் எண்களாகி இருக்கும், படிக்க அழகாக இருக்காது. பரவாயில்லை. மைனஸ் எஸ் போட்டு வரிசைப்படுத்தி, நீங்கள் கம்பைல் செய்த பைனரியையும் அப்படியே பிரித்து டிஃப் எடுங்கள். மெமரி அளவு, மேக் முகவரி, பூட் ஆர்கியூமென்ட்கள் என்று பூட்லோடர் நடுவில் கைவைத்த எல்லாம் தெரியும். "நான் மாற்றினேன், போர்டில் மாறவே இல்லை" என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் செய்வேன். பெரும்பாலும் பூட்லோடர் வேறு பார்ட்டிஷனிலிருந்து பழைய பைனரியை எடுத்துக்கொண்டிருக்கும்.

5-க்கு டிடிசிக்கு நாலரை, ஸ்கீமாவுக்கு மூன்று. இரண்டையும் தானியங்கி பில்டில் சேர்த்து வையுங்கள், ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

சின்னச் சாதனங்களுக்கான இயங்குதளமான ஸெஃபிர் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே டிடிஎஸ்ஸை பைத்தானே படித்து சி ஹெடர் கோப்பாக்கிவிடும், ஓடும்போது பைனரி ட்ரீ என்று ஒன்றும் இருக்காது. டிடிசி கணினியில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கைக்கு மட்டும் அதை அழைப்பார்கள்.