செடித் தொட்டிக்கு சிஓடூ: ஈஸ்ட்டா, சிட்ரிக் ஆசிட்டா, சிலிண்டரா?

என்கிட்ட இருக்கறது மீனோட தண்ணிச் செடியும் வளர்க்கற 2 அடி கண்ணாடித் தொட்டி, சுமார் 55 லிட்டர் தண்ணி. செடிங்கன்னா, முன்னாடி தரைல படர்ற மான்டே கார்லோ, பின்னாடி ரொட்டாலா, ஓரத்துல ஹைக்ரோஃபில்லா (நம்ம வாய்க்கால் ஓரத்து நீர்முள்ளிக்கு இது பங்காளி). இதுக்கு எப்படி சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) குடுக்கறதுன்னு மூணு வழியையும் அலசிட்டு கடைசில ரெண்டு பாட்டில் சிட்ரிக் ஆசிட் கிட்டுக்குப் போனேன். அதனால அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதுவேன், இப்பவே சொல்லிடறேன்.

முதல்ல, உங்க தொட்டில அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோ மாதிரி மெதுவா வளர்ற செடி மட்டும்தான் இருக்குன்னா இதெல்லாம் தேவையே இல்ல, காசை வேற எதுக்காவது வச்சுக்கோங்க. தரைல கம்பளம் மாதிரி படரணும், ரொட்டாலா செவக்கணும்னு ஆசைப்பட்டாதான் இந்தப் பேச்சு. காத்துலேர்ந்து தானா கரையற சிஓடூ லிட்டருக்கு அரை மில்லிகிராம் சொச்சம்தான், நாம குடுக்கப் பாக்கறது 30 மில்லிகிராம் பக்கம். அதுலயும் தண்ணிக்குள்ள இந்த வாயு பரவற வேகம் காத்துல பரவறதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு கம்மி, அதனால இலைகிட்ட போய்ச் சேர்றதே பெரும்பாடு. லிக்விட் கார்பன்னு பாட்டில்ல விக்கறாங்களே, அது வாயுவே இல்ல, பெரும்பாலும் ஆஸ்பத்திரில கருவி சுத்தம் பண்ற குளுட்டரால்டிஹைடுதான், ஆல்காவ (பாசிய) அடக்கும், ஆனா வாலிஸ்னேரியாங்கற செடிய கரைச்சுடும். அதை இந்தப் போட்டில சேக்கல.

ஈஸ்ட் பத்தி எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சிட்டிகை ஈஸ்ட், பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில், ஒரு டியூப், முடிஞ்சுது. கணக்குப் போட்டுப் பாத்தா 200 கிராம் சர்க்கரை முழுசா புளிச்சா 100 கிராம் சிஓடூ வரணும், சிட்ரிக் ஆசிட் கிட்டுல போடற 200 கிராம் ஆப்ப சோடால வர்றதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அப்போ சர்க்கரைதானே மலிவு, அதையே வச்சுக்கலாமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா எவ்வளவு வாயு வருதுங்கறது இங்க பிரச்சனையே இல்ல, எப்போ வருதுங்கறதுதான் பிரச்சனை.

இத கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா நான் முடிவெடுத்தது இத வச்சுத்தான். செடி லைட் எரியும்போது மட்டும்தான் சிஓடூவ எடுக்கும், லைட் அணைஞ்சதும் மீன் மாதிரியே அதுவும் ஆக்சிஜன எடுத்துட்டு சிஓடூவ வெளிய விடும். ராத்திரி முழுக்க நாம வேற உள்ள விட்டுக்கிட்டே இருந்தா விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயப் பிளந்துகிட்டு நிக்கும். நம்ம ஊர் வெயில்ல தண்ணி 30 டிகிரி தாண்டும்போது ஆக்சிஜன் கரையறதும் குறைஞ்சுடுது, அப்போ இது இன்னும் மோசம். அதனால லைட் போடறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி வாயுவத் திறக்கணும், லைட் அணைக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடணும். ஈஸ்ட்ட மூட முடியாது. வால்வ அடைச்சா அது பாட்டுக்கு உள்ள புளிச்சுகிட்டே இருக்கும், பாட்டில் உப்பி எங்கயாவது பிச்சுக்கும். ராத்திரி ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடற கல்லு) போட்டு சமாளிக்கறவங்க இருக்காங்க, சரிதான், ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, ஈஸ்ட் ஒரே சீரா வராது. மே மாசத்துல முதல் ரெண்டு மூணு நாள் சீறும், அப்புறம் நாளுக்கு நாள் குறைஞ்சு கடைசில சொட்டு சொட்டா நிக்கும், மறுபடி கலக்கினா மறுபடி சீறும். இப்படி ஏறி இறங்கற தொட்டிலதான் அந்தக் கருப்புத் தாடி ஆல்கா வந்து ஒட்டிக்குதுன்னு செடித் தொட்டி வச்சிருக்கற பெரும்பாலானவங்க சொல்லுவாங்க. சிஓடூவே குடுக்காத தொட்டி தேவலாம், ஒரு நாள் அதிகம் ஒரு நாள் கம்மின்னு குடுக்கற தொட்டிதான் தொல்லை. போதாததுக்கு வீட்டுல கள்ளுக்கடை வாசனை, நுரை பொங்கி டியூப் வழியா தொட்டிக்குள்ள போகாம இருக்க நடுவுல இன்னொரு காலி பாட்டில்.

சிட்ரிக் ஆசிட் கிட்டுல இந்த மூடற விஷயம் அழகா அமைஞ்சிருக்கு. ஒரு பாட்டில்ல சிட்ரிக் ஆசிட் தண்ணி, இன்னொண்ணுல ஆப்ப சோடாவும் கொஞ்சம் தண்ணியும். ஆசிட் பாட்டில ஒரு அமுக்கு அமுக்கினா கொஞ்சம் ஆசிட் அந்தப் பக்கம் போய் வாயு வரும், அந்த வாயுவோட பிரஷர் ரெண்டு பாட்டில்லயும் ஏறும். நாம வாயுவ எடுக்க எடுக்க சோடா பாட்டில்ல பிரஷர் இறங்கும், உடனே இன்னும் கொஞ்சம் ஆசிட் தானா போகும். வாயு அளவ நுணுக்கமா கூட்டிக் குறைக்கற நீடில் வால்வ மூடினா ரெண்டும் சமமாயிடும், ஆசிட் போறது நின்னுடும், காலைல திறந்தா விட்ட இடத்துலேர்ந்து ஓடும். சிலிண்டர் மாதிரி அப்படியே அதே குமிழி எண்ணிக்கை வருமான்னா வராது, காலைல வால்வ லேசா ஒரு திருப்பு திருப்ப வேண்டியிருக்கும், ஆனா ஈஸ்ட் ஆடற ஆட்டத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

எல்லாரும் சொல்ற அளவு ரெண்டுலயும் 200 கிராம். ரசாயனக் கணக்குப்படி 200 கிராம் சோடாவுக்கு 160, 170 கிராம் சிட்ரிக் ஆசிட்டே போதும், மிச்சம் வீணாத்தான் போகுது. ரெண்டையும் மொத்தக் கடைல கிலோவா வாங்கினா ஒரு தடவை நிரப்ப 60, 70 ரூபாய்க்குள்ள முடியுது, கிட்டு ஆயிரம் ரூபா பக்கம், சென்னை கொளத்தூர் மீன் கடைகள்லயே கிடைக்கும். செகண்டுக்கு ஒரு குமிழின்னு பகல்ல மட்டும் விட்டா மாசம் ஒரு தடவை நிரப்பினா போதும். பேக்கிங் பவுடர் வேற, ஆப்ப சோடா வேற, மாத்தி வாங்கிடாதீங்க. கூல்டிரிங்க்ஸ் பாட்டில்தான் போடணும், சாதா தண்ணி பாட்டில் தாங்காது. ரெண்டு பொடியையும் ஒரே பாட்டில்ல கொட்டி மூடற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், அது வெடி. சோடா அடில கட்டியாகும், அப்பப்போ ஒரு குலுக்கு. மூடிகள்ல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, இந்த கிட்டுக்கு எதிரி லீக்குதான்.

சிலிண்டர் நான் வீட்டுல வச்சு ஓட்டினதில்ல, நண்பர் வீட்டுல பாத்ததும் விசாரிச்சதும்தான், அதனால அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க. சீரா வர்றதுல அதுதான் ராஜா, சொலினாய்டும் (கரண்ட்ல திறந்து மூடற வால்வு) டைமரும் போட்டா ஊருக்குப் போனாக்கூட தானா திறந்து மூடும். 2 கிலோ சிலிண்டர்னா என் கணக்குல இந்த சோடா பாட்டில 19, 20 தடவை நிரப்பறதுக்குச் சமம், அதனால வாயு மட்டும் பாத்தா நாளடைவுல அதுதான் மலிவாவும் முடியும். ஆனா முதல்ல போடற காசு சிட்ரிக் ஆசிட் கிட்டைவிடப் பல மடங்கு, அப்புறம் ரீஃபில்லுக்கு தீயணைப்பு சாதனம் விக்கற கடையத் தேடி வண்டில தூக்கிட்டுப் போகணும், 5 வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் டெஸ்ட் பண்ணணும். கேஜ் முள்ளப் பாத்து எவ்வளவு மிச்சம்னும் சொல்ல முடியாது, உள்ள திரவம் இருக்கறவரைக்கும் முள்ளு வெப்பத்துக்கு ஏத்த மாதிரிதான் நிக்கும், எடை போட்டாதான் தெரியும். பயமும் ஒண்ணு இருக்கு, 2 கிலோவும் மூடின 10க்கு 10 பெட்ரூம்ல மொத்தமா லீக் ஆனா காத்துல 4 சதவீதம் பக்கம் சிஓடூ ஆயிடும், அது உயிருக்கே ஆபத்தான அளவு. என் பாட்டில் மொத்தமும் லீக் ஆனாலும் 0.2 சதவீதம்தான். 3 அடிக்கு மேல தொட்டின்னா எப்படியும் சிலிண்டர்தான், மாசத்துக்கு மூணு நாலு தடவை சோடா கலக்கிக்கிட்டு இருக்க முடியாது.

எதை வாங்கினாலும் டிராப் செக்கர் (சிஓடூ அளவ கலர்ல காட்டற சின்னக் கண்ணாடிக் குமிழ்) ஒண்ணு தொங்கவிடுங்க, அதுக்குள்ள தொட்டித் தண்ணிய ஊத்தாம 4 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை 4) கரைசலே ஊத்துங்க, போர் தண்ணிக்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம். நீலம்னா கம்மி, பச்சைன்னா சரி, மஞ்சள்னா உடனே குறைக்கணும், கலர் மாற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அவசரப்பட்டு வால்வத் திருப்பாதீங்க. டியூப்ல செக் வால்வும் (ஒரு பக்கமா மட்டும் விடற வால்வு) கட்டாயம், இல்லன்னா பிரஷர் இறங்கின நேரத்துல தொட்டித் தண்ணி பாட்டிலுக்கு வந்துடும்.