விம்பிள்டனில் ஒரு நாள்: சென்டர் கோர்ட் இருக்கையா, மைதான நுழைவுச் சீட்டா?

விம்பிள்டன் போட்டியை ஒரே ஒரு நாள் நேரில் காணும் வாய்ப்பு வாய்த்தால், முதன்மை ஆடுகளமான சென்டர் கோர்ட்டில் இருக்கை பிடிப்பதா, வெளி ஆடுகளங்களைச் சுற்றிவரும் மைதான நுழைவுச் சீட்டு போதுமா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். முதல் வாரத்தில் செல்பவருக்கு நான் தயக்கமின்றி இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

வெளி ஆடுகளங்களில் முற்பகல் 11 மணிக்கே ஆட்டம் தொடங்கிவிடும். சென்டர் கோர்ட்டில் முதல் ஆட்டம் பிற்பகல் 1.30 மணிக்குத்தான். அங்கே பெரும்பாலும் மூன்று ஆட்டங்களே நடக்கும், அவற்றில் ஒன்று ஒருதலைப்பட்சமாக முடிந்தாலும் மாற்று வழியில்லை. மைதானச் சீட்டு வைத்திருப்பவரோ, ஓர் ஆட்டம் சலித்தால் எழுந்து அடுத்த களத்துக்கு நடக்கலாம்.

அதைவிட முக்கியமானது அருகாமை. வெளி ஆடுகளத்தின் பக்கவாட்டு வரிசையில் அமர்ந்தால் வீரருக்கும் நமக்கும் இடையே சில அடிகளே இருக்கும். தொலைக்காட்சியில் மிதந்து வருவதாகத் தோன்றும் ஸ்லைஸ் பந்து (பின்சுழல் கிடைக்குமாறு அடிப்பகுதியைச் சீவி அடிக்கப்படுவது), புல்லில் பட்டதும் எழும்ப மறுத்துக் கணுக்கால் உயரத்தில் வழுக்கிச் செல்வதையும், அதை எடுக்க எதிராளி முழங்கால் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்வதையும் அங்கிருந்து பார்த்த பிறகுதான் புல்தரை டென்னிஸ் ஏன் தனிக் கலை என்பது புரியும். ஏறத்தாழ 15,000 பேர் அமரும் சென்டர் கோர்ட்டின் மேல்வரிசையில் இந்த நுணுக்கம் கிட்டாது. ஆனால் ஒரு வீரர் களத்தை எப்படித் திறக்கிறார், எதிராளியை எந்த மூலைக்கு இழுத்துவிட்டு எங்கே அடிக்கிறார் என்ற வியூகம் உயரத்திலிருந்துதான் தெளிவாகத் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2010-இல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடம் ஆடி, கடைசி செட்டை 70-68 என முடித்த முதல் சுற்று ஆட்டம் நடந்தது 18-ஆம் எண் ஆடுகளத்தில். 47-47 என்ற நிலையில் ஸ்கோர் பலகையே நின்றுபோன அந்த ஆட்டத்துக்குச் சென்டர் கோர்ட் சீட்டு தேவைப்படவில்லை.

மழை வந்தால் கணக்கு மாறிவிடும். சிறு தூறலிலும் புல் வழுக்கும் என்பதால் ஆட்டத்தை நிறுத்தித் தார்ப்பாயை இழுத்துவிடுவார்கள். கூரை இருப்பது சென்டர் கோர்ட்டுக்கும் (2009 முதல்) முதலாம் எண் ஆடுகளத்துக்கும் (2019 முதல்) மட்டுமே. நாள் முழுவதும் மழை என்று வானிலை அறிக்கை சொன்னால், அல்லது நெடுநேரம் நடக்கவும் நிற்கவும் இயலாத மூத்தோர் உடன் வந்தால், சென்டர் கோர்ட்டே சரி. இரண்டாம் வாரத்திலும் அப்படித்தான். ஒற்றையர் பிரிவில் எஞ்சியிருக்கும் சிலரும் பெரிய களங்களுக்குப் போய்விடுவார்கள்.

முன்கூட்டியே நடக்கும் சீட்டுக் குலுக்கலில் இடம் கிடைக்காதவர்கள் விம்பிள்டன் பூங்காவில் 'தி கியூ' என்றே பெயர் பெற்ற வரிசையில் நிற்கலாம். கடைசி நான்கு நாள்கள் நீங்கலாக, சென்டர் கோர்ட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 சீட்டுகளே அங்கு விற்கப்படுவதால், முந்தைய நாளே கூடாரமிட்டுத் தங்க நேரும். மைதானச் சீட்டுக்கு அதிகாலையில் வந்தாலே பெரும்பாலும் போதும். உள்ளே நுழைந்த பிறகும் வாய்ப்பு மூடிவிடுவதில்லை: பிற்பகலில் கிளம்பிவிடுவோர் திருப்பித் தரும் சென்டர் கோர்ட் சீட்டுகள் குறைந்த விலைக்கு மறுவிற்பனையாகின்றன, அந்தத் தொகை அறப்பணிக்குச் செல்கிறது. பகலெல்லாம் வெளிக்களங்களில் கழித்தவர், அந்தச் சீட்டு கிடைத்தால் மாலை வெயில் சாயும் வேளையில் மூன்றாவது ஆட்டத்துக்கு உள்ளே போய் அமரலாம்.