கேண்டில் ஃபில்டரா, ஆர்.ஓ.வா: பராமரிக்க எது சுலபம்?

எவர்சில்வர் கேண்டில் ஃபில்டரில் வேலை முழுவதும் நம் கையில்தான். தண்ணீர் இறங்குவது மந்தமானால், பீங்கான் கேண்டிலைக் கழற்றி ஓடும் நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சோப்பு கூடவே கூடாது. நுண்துளைகளில் தங்கி, குடிக்கும் நீரிலும் வாடை அடிக்கும். தேய்க்கத் தேய்க்க கேண்டில் மெலியும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும், கிருமிகளுக்கு அதுவே வாசல். கீழ்ப் பாத்திரத்தையும் குழாயின் உட்புறத்தையும் கழுவ மறப்பவர்கள் ஏராளம்; நானும் அதில் ஒருவன்.

ஆர்.ஓ.வில் தேய்க்க எதுவுமில்லை, பணம் எடுத்து வைத்தால் போதும். வண்டல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வான மெம்பிரேன் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆயுள். கார்பனை மாற்றாமல் இழுத்தடித்தால் குளோரின் மெம்பிரேனைக் கெடுத்துவிடும். விலை அதிகமானதும் மெம்பிரேன்தான். வீணாகும் கழிவுநீர் வேறு.

ஆனால் கரைந்த உப்பைக் கேண்டில் தொடாது. டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமை வெகுவாகத் தாண்டும் போர்வெல் நீருக்கு ஆர்.ஓ.தான். உப்புக் குறைந்த குழாய்நீர் வரும் வீட்டுக்கு, வடிகட்டிக் கொதிக்கவைத்தால் போதும் என்பேன்.